வரிச்சு முதல் ஜிப்சம் வரை: பெருங்களத்தூர் வீடுகளில் உள்சுவரின் வரலாறு

உள்சுவரின் தடிமன் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. கூரையையோ மேல்தளத்தையோ அந்தச் சுவர் சுமக்கிறதா என்பது முதல் கேள்வி. சுமக்கவில்லை என்றால், அது எதை மறைக்க வேண்டும், எந்த ஓசையைத் தடுக்க வேண்டும், எதையெல்லாம் தன்மேல் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. சுவர்தான் கூரையைச் சுமந்தாக வேண்டும் என்றிருந்த காலத்தில் தடிமனைக் கூரையே முடிவுசெய்தது. கான்கிரீட் தூண்கள் அந்தச் சுமையை வாங்கிக்கொண்ட பிறகு சுவர் படிப்படியாக மெலிந்தது.

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பரந்திருக்கும் பெருங்களத்தூரில் இந்த மாற்றம் முழுவதும் நூறாண்டுக்குள் நடந்து முடிந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த சிற்றூர் ரயில் நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்புகளாக வளர்ந்து, பேரூராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியானது. மண்சுவர், செங்கல், சிமென்ட் கல், சாம்பல் கல், ஜிப்சம் பலகை ஆகிய ஐந்து வகை உள்சுவர்களையும் இன்று ஒரே வட்டாரத்தில் காணலாம்.

வரிச்சும் மண்ணும்

செங்கல்பட்டு வட்டாரத்துக் குடிசைகளின் உள்தடுப்பு பெரும்பாலும் தட்டிதான். பனையோலை, தென்னங்கீற்று, மூங்கில் பிளாச்சு எனக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அது கட்டப்பட்டது. அதைவிட உறுதியானது வரிச்சுச் சுவர். சவுக்கு அல்லது பனங்கால்களை நட்டு, அவற்றின் குறுக்கே மூங்கில் வரிச்சுகளை அடுக்கிக் கட்டி, வைக்கோல் கலந்து மிதித்த மண்ணை இருபுறமும் அப்பினால் மூன்று நான்கு அங்குலக் கனத்தில் ஒரு சுவர் கிடைத்துவிடும். பளுவைச் சட்டகம் தாங்கியது. அதன்மேல் போர்த்திய மண் பார்வையை மறைத்தது. மேலைநாடுகளில் ‘ஸ்டட்’ சுவர் என்று அறியப்படும் கட்டுமானமும் இதே முறையில் அமைந்தது. அங்கே மரச் சட்டங்களின்மேல் மெல்லிய மரப்பட்டிகளை அறைந்து சுண்ணாம்பு பூசினார்கள்.

சற்று வசதியுள்ள வீடுகளில் மண்சுவர் இருந்தது. குழைத்த மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த படையை ஏற்றுவார்கள். ஒரு சுவர் எழும்பப் பல நாள்களாகும். ஒன்றரை அடிக்குக் குறைந்த கனத்தில் வைத்தால் சுவர் நிற்காது என்பதால், உள்சுவரும் வெளிச்சுவரும் ஏறத்தாழ ஒரே கனத்தில் அமைந்தன. இந்தக் கனத்தால் வேறு பயன்களும் கிடைத்தன. விளக்கு வைக்க மாடக்குழி, சாமான் வைக்கப் பிறை, நெல் அளக்கும் மரக்காலை ஒதுக்க ஒரு பள்ளம் என வீட்டின் அலமாரிகள் எல்லாம் சுவருக்குள்ளேயே இருந்தன.

ஓட்டு வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் கூரையைத் தொடுவதில்லை. சுவர் ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிட, அதற்கும் ஓட்டுக்கும் இடையே திறப்பு விடப்பட்டது. அடுப்புப் புகை அந்த வழியே வெளியேறியது, காற்றும் ஓடியது. அடுத்த அறையின் பேச்சும் இந்தப் பக்கம் வந்தது. உள்சுவர் ஓசையைத் தடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த வீடுகளில் இருந்ததில்லை. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது எழுந்த சுவர் மட்டும் இதற்கு விலக்கு. முற்றத்தையும் கூடத்தையும் குறுக்கே அறுத்துக்கொண்டு போன அது சொத்தின் எல்லை ஆதலால், வெளிச்சுவரின் கனத்தோடு கூரை வரை எழுப்பப்பட்டது. இன்றைய அடுக்குமாடிகளில் இரு வீடுகளுக்கு இடையிலான பொதுச் சுவர் வீட்டின் மற்ற உள்சுவர்களைவிடக் கனமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

சுண்ணாம்பும் மெட்ராஸ் டெரஸும்

தாம்பரம் பகுதியில் செங்கல் கட்டடங்கள் பெருகத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில். டாக்டர் சவுரி முத்து 1928இல் இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. இவற்றை ஒட்டி ரயில்வே ஊழியர்களும் ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கால வீடுகளில் முதன்மையான கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாகவும் சாய்வாகவும் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புத் தளத்தை இடித்து இறுக்கி, தட்டோடு பரப்பி முடிப்பார்கள். இதன் எடை முழுவதும் விட்டத்தின் இரு முனைகள் வழியாகச் சுவரில் இறங்கியது. சாதாரணத் தேக்கு விட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி அகலமே எட்டும் என்பதால், அந்த இடைவெளிக்கு ஒரு சுமைச் சுவர் தேவைப்பட்டது. அறையின் அகலத்தை மரத்தின் நீளமும், சுவரின் கனத்தைக் கூரையின் எடையும் முடிவுசெய்தன. ஒன்றரைக் கல் கனத்தில், அதாவது பதின்மூன்றரை முதல் பதினான்கு அங்குலத்தில், சுவர் வைப்பது சாதாரணம். மாடி உள்ள வீடுகளில் கீழ்த்தளச் சுவர் பதினெட்டு அங்குலம் வரை போனது.

கலவையும் இதற்கு ஒரு காரணம். கிளிஞ்சல் சுட்டு எடுத்த சுண்ணாம்பு மெதுவாகவே இறுகும். முழு வலுப்பெற மாதக்கணக்காகும். அதுவரை சுவர் தன் கனத்தாலேயே நின்றாக வேண்டும். இப்படிப்பட்ட கலவையில் அரைக் கல் கனத்தில் ஒரு தடுப்பை எழுப்பினால் கை பட்டாலே ஆடும். அதனால் சுமைச் சுவர் இல்லாத இடங்களைப் பிரிக்க மரச் சட்டத் தடுப்பு, கண்ணாடி பதித்த தேக்குப் பலகைத் தடுப்பு, துணித் திரை ஆகியவற்றையே நாடினார்கள். வீட்டைப் போர்ஷன்களாகப் பிரித்து ஒண்டுக் குடித்தனங்களுக்கு விட்டவர்கள் தட்டியையும் பலகையையும் பயன்படுத்தினார்கள்.

மேலைநாட்டு மரச் சட்டகச் சுவர் இங்கே வீடுகளில் நிலைக்காததற்குக் காரணம் தெளிவு. கரையான் முதல் எதிரி. கடலோர ஈரக் காற்றில் மரம் ஊறிக் காய்ந்து முறுக்கிக்கொள்வது இரண்டாவது. கரையானுக்குத் தாங்கும் தேக்கை மறைவுச் சட்டத்துக்குச் செலவிடுவது கட்டுப்படியாகாது. ஏரிக்கரை மண்ணில் அறுத்துச் சூளையில் சுட்ட செங்கலோ மலிவாகக் கிடைத்தது. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் உடைத்த கருங்கல் அடித்தளத்துக்கு வந்தது. மண், கல், சுண்ணாம்பு மூன்றும் அருகிலேயே கிடைத்த ஊரில் மரச்சுவருக்குத் தேவை எழவில்லை. சட்டகமும் போர்வையுமான சுவர் குடிசையோடு நின்றுபோனது. கெட்டிச் சுவர் அந்தஸ்தின் அடையாளமானது.

ஒன்பது அங்குலமும் சிமென்ட் பெர்மிட்டும்

சிமென்ட் தமிழகத்துக்கு முன்பே அறிமுகமான பொருள். 1904இல் சென்னையிலேயே ‘சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ்’ நிறுவனம் கிளிஞ்சலைக் கொண்டு சிமென்ட் தயாரித்துப் பார்த்தது. ஆனால் புறநகரின் சாதாரண வீட்டுக்குள் சிமென்ட் தாராளமாக நுழைய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் டெரஸை மெல்ல மெல்ல வெளியேற்றியது. நாலரை முதல் ஐந்து அங்குலத் தளம் தன் எடையை நான்கு பக்கச் சுவர்களுக்கும் பரப்பியதால், சுவரின் கனம் ஒரு கல்லுக்கு, அதாவது ஒன்பது அங்குலத்துக்கு இறங்கியது. செங்கல்லின் நீளமே சுவரின் கனம் என்பதால் கொத்தனாருக்கும் கணக்கு எளிது.

ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பும்போது செங்கல்லை நீளவாக்கிலும் குறுக்கிலும் மாற்றி மாற்றி வைத்துப் பிணைக்க முடியும். பிணைப்புதான் இதன் வலு. சிமென்ட் இல்லாமல் களிமண் கலவையிலேயே கட்டிவிட்டு, பூச்சுக்கும் தளத்துக்கும் மட்டும் சிமென்டைச் சேமித்துக்கொள்ளவும் இது இடம்கொடுத்தது. சிமென்ட் பெர்மிட் காலத்தில் இந்த வசதிக்குத் தனி மதிப்பு இருந்தது. வீடு கட்ட எத்தனை மூட்டை என்று விண்ணப்பம் போட்டு, ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. 1982இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989இல் முழுமையாக நீங்கியது. அதுவரை கட்டிய புறநகர் வீடுகளில் படுக்கையறைச் சுவர், சமையலறைச் சுவர், வெளிச்சுவர் என எல்லாமே ஒன்பது அங்குலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெட்ரிக் அளவுமுறை வந்தபோது இந்திய தர நிர்ணய அமைப்பு 190 × 90 × 90 மி.மீ. அளவில் ஒரு சீர்மைச் செங்கல்லை வகுத்தது. கலவையோடு சேர்த்து 200 மி.மீ., 100 மி.மீ. சுவர்கள் வரவேண்டும் என்பது திட்டம். சென்னைச் சூளைகள் பழைய அச்சை விடவில்லை. 230 × 110 × 70 மி.மீ.க்கு அருகிலான செங்கல்லும் அதே ஐ.எஸ். 1077 தரக்குறிப்பில் இடம்பெற்றது. வரைபடத்தில் 230, 115 என்று மி.மீ.யில் எழுதினாலும் வேலை நடக்கும் இடத்தில் இன்றும் பேசப்படுவது ஒன்பதும் நாலரையும்தான்.

தூண் வந்தது, சுவர் மெலிந்தது

தூணும் உத்தரமுமாகக் கான்கிரீட் சட்டகத்தை முதலில் எழுப்பி, பிறகு இடைவெளிகளைச் சுவரால் நிரப்பும் முறை 1980களில் சென்னை அடுக்குமாடிகளோடு பரவி, 1990களில் தனி வீடுகளுக்கும் வந்தது. சொந்த வீடு கட்டுவோர் ‘பில்லர் போட்டுக் கட்டினது’ என்று சொல்லிக்கொள்வது வழக்கமானது. செங்கல் சுவர் எதையும் சுமக்காத நிலை வந்தது. வெளிச்சுவர் மழைக்காக ஒன்பது அங்குலமாகவே நின்றது. உள்சுவர் நாலரைக்கு இறங்கியது.

நாலரை அங்குலச் சுவர் அரைக் கல் சுவர். செங்கற்கள் ஒரே வரிசையில் நீளவாக்கில் ஓடுவதால் குறுக்குப் பிணைப்பு கிடையாது. அந்தக் குறையைக் கலவை ஈடுசெய்ய வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் போதும் என்றால், நாலரைக்கு ஒன்றுக்கு நான்கு. மூன்று அல்லது நான்கு வரிசைக்கு ஒருமுறை ஆறு மி.மீ. கம்பி இரண்டைக் கிடையாக ஓட்டி, முனைகளைத் தூணிலோ அடுத்த சுவரிலோ பிணைக்க வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து அடிக்கு மேல் ஏற்றக்கூடாது. சிமென்ட் தாராளமாகக் கிடைத்த பிறகே இந்தச் சுவர் புறநகரில் பரவ முடிந்தது.

சுவர் மெலிந்ததால் வீட்டின் உள்ளமைப்பும் மாறியது. மாடக்குழிக்கும் சுவருக்குள் பதித்த அலமாரிக்கும் இடமில்லாமல் போனது. அவற்றுக்கு மாற்றாகக் கடப்பா கல் வந்தது. அறையின் ஒரு மூலையில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மூன்று அங்குலத் தடுப்பை எழுப்பி, அதற்கும் சுவருக்கும் இடையே கடப்பா பலகைகளைப் பதித்தால் திறந்த அலமாரி கிடைக்கும். கதவு மட்டத்துக்கு மேலே கான்கிரீட் பரண் நீண்டது. முன்பு சுவரின் கனத்துக்குள் அடங்கியிருந்த சேமிப்பிடம் அறைக்குள் இரண்டடி முன்னால் வந்து உட்கார்ந்தது.

மறைவான வயரிங்கும் குழாயும் மெல்லிய சுவரின் வரம்பைக் காட்டிக்கொடுத்தன. சுவரில் செங்குத்தாக வெட்டும் காடி கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடையாக வெட்டும் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போகக்கூடாது என்பது கட்டுமான மரபு. நாலரைச் சுவரில் செங்குத்துக் காடிக்கு ஒன்றரை அங்குலம் கிடைக்கும். ஒரு மின்குழாய்க்கோ முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய்க்கோ அது போதும். கிடைக் காடிக்கு முக்கால் அங்குலமே கிடைக்கும். அதற்குள் குழாய் அடங்காது. சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் சுவிட்ச் பெட்டி பதித்தால் நடுவே மிஞ்சுவது பூச்சு மட்டுமே. கழிவறையின் நான்கு அங்குலக் கழிவுக் குழாய் நாலரைச் சுவருக்குள் மறையவே மறையாது. அதற்குத் தனிக் குழாய்ப்பாதையோ ஒன்பது அங்குலச் சுவரோ வேண்டும்.

சாம்பல் கல்லும் ஏ.ஏ.சி. கல்லும்

செங்கல்லின் தனியாட்சி முடிவுக்கு வர இரண்டு காரணங்கள். குன்றுகளில் ஜல்லி உடைத்தபோது குவிந்த கல்தூளைக் கொண்டு சிமென்ட் ஹாலோ பிளாக் செய்வது தென்புறநகரில் சிறுதொழிலானது. நான்கு, ஆறு, எட்டு அங்குல அகலங்களில் அது கிடைத்தது. இரண்டாவது காரணம் சட்டம். மேல்மண்ணைக் காக்கவும் அனல்மின் நிலையச் சாம்பலைச் செலவழிக்கவும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பரில் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. நிலக்கரி அனல்மின் நிலையத்திலிருந்து 50 கி.மீ. சுற்றளவில் செய்யப்படும் செங்கல்லில் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் சேர வேண்டும் என்பது அதன் விதி. 2003இல் அந்த எல்லை 100 கி.மீ. ஆனது. அனல்மின் நிலையம் அமைந்த எண்ணூரிலிருந்து பெருங்களத்தூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. சாம்பல் நிறக் கற்கள் வேலை நடக்கும் இடங்களுக்கு வரத் தொடங்கின.

அடுத்து வந்தது ஏ.ஏ.சி. பிளாக். 1920களில் சுவீடனில் உருவாக்கப்பட்ட இந்தக் கல்லில் சிமென்ட், சுண்ணாம்பு, மணல் அல்லது சாம்பல் கலவைக்குள் அலுமினியத் தூள் வாயுக் குமிழிகளை உண்டாக்குகிறது. பிறகு அழுத்த நீராவியில் அது வேகவைக்கப்படுகிறது. செங்கல் கட்டுமானத்தின் எடை கன மீட்டருக்கு 1,900 கிலோ அளவில் இருக்க, ஏ.ஏ.சி. கல் 550 முதல் 650 கிலோதான். நான்கு அங்குல ஏ.ஏ.சி. சுவர், நாலரை அங்குலச் செங்கல் சுவரின் இடத்தை அடுக்குமாடிகளில் பிடித்துக்கொண்டது. கல் பெரிது, இணைப்புகள் குறைவு, வேலை வேகம். குறையும் உண்டு. தூணும் கல்லும் சேரும் இடத்தில் விரிசல் விடும். அதைத் தடுக்கப் பூச்சுக்கு முன் கோழிவலை அடிக்கிறார்கள். கனமான பொருளை மாட்ட இதற்கென்றே செய்த ஆணிகள் வேண்டும்.

எடைக்கு இன்னொரு முக்கியத்துவமும் சேர்ந்தது. 2002இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 தரக்குறிப்பு சென்னையை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றியது. நிலநடுக்க விசை கட்டடத்தின் எடையைப் பொறுத்தது என்பதால், எதையும் சுமக்காத உள்சுவரின் எடையைக் குறைப்பது பொறியாளரின் கவனத்துக்கு வந்தது.

கார் தொழிற்சாலை நிலத்தில் ஜிப்சம் சுவர்

ஜிப்சம் பலகையின் தொடக்கம் அமெரிக்காவில். அகஸ்டின் சாக்கெட் 1894இல் காகித அடுக்குகளுக்கிடையே ஜிப்சம் வைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். ஈரப்பூச்சு காயக் காத்திருக்காமல் திருகாணியில் முடியும் சுவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுக் கட்டுமானத்தில் அங்கே பெரும் இடம் பிடித்தது. மரச் சட்டத்துக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுச் சட்டம் வந்த பிறகுதான் இந்தச் சுவர் கரையானுள்ள நாடுகளுக்கும் ஏற்றதானது.

சென்னைப் புறநகரில் அது வீடு வழியாக வரவில்லை, அலுவலகம் வழியாக வந்தது. 1984இல் தாம்பரத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வளாகத்திலும், பின்னர் ஜி.எஸ்.டி. சாலை, பழைய மாமல்லபுரம் சாலை ஆகியவற்றை ஒட்டி எழுந்த தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களிலும் வாடகைதாரர் மாறும்போதெல்லாம் அறைகளும் மாறின. பெருங்களத்தூரில் இந்த மாற்றத்துக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்டாண்டர்டு 2000 ஆகிய கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1980களின் இறுதியில் நின்றுபோனது. அந்த நிலம் 2000களில் கைமாறி, அங்கே ஸ்ரீராம் கேட்வே வளாகமாகத் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. 2001க்கும் 2011க்கும் இடையே பெருங்களத்தூர்ப் பேரூராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்கானது.

வேலை செய்தவர்களும் புதியவர்கள். கொத்தனாரும் சித்தாளும் இதற்கு வேண்டியதில்லை. ஃபால்ஸ் சீலிங் போடும் குழுக்கள் அதே பலகை, அதே திருகாணி, அதே இணைப்பு நாடாவைக் கொண்டு கீழே இறங்கிச் சுவர் போடத் தொடங்கின. தரையிலும் மேல்தளத்திலும் சேனலைப் பொருத்தி, இடையே சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்துகிறார்கள். பலகை நான்கடி அகலம் என்பதால் இரண்டடி இடைவெளியில் நிறுத்தினால் ஒவ்வொரு விளிம்பும் ஒரு சட்டத்தின்மேல் வந்து விழும். சட்டங்களின் துளைகள் வழியாக வயர் ஓடுகிறது. காடி வெட்டும் வேலை இல்லை. தேவையானால் உள்ளே கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ அடைத்து, இருபுறமும் பன்னிரண்டரை மி.மீ. பலகையைத் திருகி, இணைப்பை நாடா ஒட்டி மெழுகிவிடுகிறார்கள். குடிசையோடு மறைந்த வரிச்சுச் சுவரின் கட்டுமான முறை, எஃகும் ஜிப்சமுமாக அலுவலகத்துக்குள் திரும்பி வந்தது.

அலுவலகம் இதை விரும்பிய காரணத்தை எடைக் கணக்கு காட்டும். பன்னிரண்டு அடி நீளம், பத்தடி உயரம் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொண்டால், இருபுறப் பூச்சோடு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஐந்தரை டன் எடை இருக்கும். நாலரை அங்குலச் சுவர் மூன்று டன். ஒற்றைப் பலகை ஜிப்சம் சுவர் கால் டன் அளவே. தடுப்புகள் எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாத கட்டடத்தில், ஒரு மீட்டர் நீளத் தடுப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூடுதல் சுமையாகச் சேர்க்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்கிறது. நாலரை அங்குலச் செங்கல் தடுப்புக்கு இது சதுர மீட்டருக்கு 270 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளத்தில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் சேர்த்துக் கணக்கிடும் சுமையே 200 கிலோ அளவுதான். ஜிப்சம் தடுப்புக்கோ விதியின் குறைந்தபட்ச அளவான 100 கிலோவே போதும்.

ஜிப்சத்தைச் சுமைச் சுவராக்கும் முயற்சியும் சென்னையில் நடந்தது. ஆஸ்திரேலியாவில் உருவான, கண்ணாடி இழை சேர்த்த 124 மி.மீ. கன ஜிப்சம் பலகைகளின் உட்குழிகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பி வீடு கட்டும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ந்து வளர்த்தது. தன் வளாகத்திலேயே 2013இல் இரண்டு மாடிச் செயல்விளக்க வீடு ஒன்றையும் கட்டிக் காட்டியது. உரத் தொழிற்சாலைகளில் கழிவாகக் குவியும் ஜிப்சமே இதற்கு மூலப்பொருள்.

வீடுகள் மட்டும் தயங்கின. சுவரைத் தட்டிப் பார்த்துக் ‘கெட்டியா இருக்கா’ என்று கேட்கும் பழக்கத்துக்கு, உள்ளே வெற்றிடமுள்ள சுவரின் ஓசை தட்டியை நினைவூட்டியது. பரண், கடப்பா அலமாரி, சுவரில் அறையும் ஆணி என்று வாழ்ந்த குடும்பத்துக்கு அது பயன்பாட்டிலும் இடைஞ்சலானது. அதனால் இன்றும் பெருங்களத்தூர் அடுக்குமாடிகளில் ஜிப்சம் தடுப்பு பெரும்பாலும் குடிவந்த பிறகு செய்துகொள்ளும் மாற்றமாகவே நுழைகிறது. கூடத்தில் ஒரு பகுதியைப் படிப்பறையாக்கவோ, பூஜையறைக்கு மறைப்பு போடவோ அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தடிமனைத் தேர்ந்தெடுத்தல்

எஃகுச் சட்டகச் சுவரில் தடிமனை முதலில் முடிவுசெய்வது உயரம். 50 மி.மீ. சட்டமும் இருபுறமும் ஒற்றைப் பலகையும் சேர்ந்தால் 75 மி.மீ., அதாவது மூன்று அங்குலச் சுவர். எட்டு ஒன்பது அடி உயரத்துக்கு இது தாங்கும். சாதாரண அடுக்குமாடி அறைக்கு இதுவே விளிம்பு நிலை. பத்து, பதினோரு அடிக்கு 70 மி.மீ. சட்டம் வேண்டும். சுவர் நான்கு அங்குலத்துக்கு அருகே வரும். அதற்கு மேல் போனால் சட்டங்களை நெருக்கியோ, அகலமான சட்டத்தைக் கொண்டோ, பலகையை இரட்டித்தோ ஈடுசெய்கிறார்கள்.

அடுத்தது ஓசை. ஒற்றைப் பலகையும் வெற்று உட்புறமும் கொண்ட சுவர் 35 டெசிபல் அளவே குறைக்கும். பக்கத்து அறைப் பேச்சு புரியும். கம்பளி அடைத்தால் 40ஐத் தாண்டும். கம்பளியோடு இருபுறமும் இரட்டைப் பலகை போட்டால் 50ஐ நெருங்கும். பூச்சு பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் 40 முதல் 45. ஆக, ஐந்து அங்குலத்துக்கும் குறைவான சட்டகச் சுவரால் செங்கல் சுவரைவிட நன்றாகச் சத்தத்தைத் தடுக்க முடியும். ஆனால் அது மேல்தளம் வரை இடைவெளியின்றி எழும்பியிருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், பழைய ஓட்டு வீட்டைப்போல் ஓசை மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும்.

மூன்றாவது சுமை. படம், கடிகாரம் போன்றவற்றைப் பலகையே தாங்கும். தொலைக்காட்சி, சமையலறை அலமாரி, கழுவுதொட்டி, கீசர் ஆகியவை வரும் இடங்களில் சட்டங்களுக்கு இடையே 18 மி.மீ. பிளைவுட்டோ எஃகுப் பட்டையோ முன்கூட்டியே பொருத்த வேண்டும். பரணும் கடப்பா பலகையும் வேண்டும் என்றால் செங்கல்லோ சிமென்ட் கல்லோதான் சரி.

நான்காவது தண்ணீர். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீப்பிடித்தால் அது ஆவியாகிச் சுவரைக் குளிர்விக்கிறது. ஒவ்வொரு புறமும் ஒரு பலகைக்கு அரை மணி நேரமும், இரண்டு பலகைக்கு ஒரு மணி நேரமும் தீயைத் தாங்குவதற்கு இதுவே காரணம். வெளியிலிருந்து வந்து ஊறும் நீரோ அதன் வலுவைக் குலைத்துவிடும். ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகை குளியலறை ஈரத்துக்குப் பொருந்தும், மூழ்கிக் கிடப்பதற்குப் பொருந்தாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்து, பெருங்களத்தூரை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அடையாற்றின் இந்தத் தாழ்நிலங்களில் தரைத்தள உள்சுவருக்குச் செங்கல்லும் சிமென்ட் கல்லுமே பொருத்தம். சட்டகச் சுவர்தான் வேண்டும் என்றால், கீழே முட்டளவுக்குக் கல் வைத்து அதன்மேல் சட்டகத்தை நிறுத்தலாம். அல்லது ஜிப்சத்துக்குப் பதில் சிமென்ட் இழைப் பலகையைப் பொருத்தலாம்.

கல் சுவருக்கான தேர்வு எளிது. இரு வீடுகளுக்கிடையிலான பொதுச் சுவர், மாடிப்படிச் சுவர், கழிவுக் குழாய் ஓடும் சுவர் ஆகியவை ஒன்பது அல்லது எட்டு அங்குலமாக இருக்க வேண்டும். படுக்கையறைகளுக்கிடையே நாலரை அங்குலச் செங்கல்லோ நான்கு அங்குல ஏ.ஏ.சி.யோ போதும். சத்தத்தை மேலும் குறைக்க விரும்புவோருக்கு ஆறு அங்குலக் கல் கிடைக்கிறது. மூன்று அங்குலத் தடுப்பு அலமாரிப் பக்கங்களுக்கும் ஆளுயர மறைப்புக்கும் மட்டுமே. தூண் போடாமல் கட்டிய பழைய வீடுகளில் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒன்பது அங்குல உள்சுவர் ஒவ்வொன்றும் தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அறையைப் பெரிதாக்க அதை இடித்து மெல்லிய தடுப்பு போட நினைப்பவர் முதலில் அந்த இடத்தில் உத்தரம் கொடுத்தாக வேண்டும்.

தடிமனுக்கு ஒரு விலையும் உண்டு. பன்னிரண்டு அடிச் சுவரை ஒன்பதிலிருந்து நாலரை அங்குலத்துக்குக் குறைத்தால் நாலரைச் சதுர அடி மிஞ்சும். ஐந்தாறு உள்சுவர்கள் உள்ள வீட்டில் இது இருபத்தைந்து சதுர அடியை எட்டும். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவை வரையறுத்தபோது வெளிச்சுவர் அடைக்கும் இடத்தை விலக்கியது. வீட்டுக்குள்ளான தடுப்புச் சுவர்கள் அடைக்கும் இடத்தைக் கணக்கில் சேர்த்தது. உள்சுவர் எத்தனை அங்குலமானாலும் அதன் அடியிலுள்ள தரைக்கும் வாங்குபவரே பணம் கொடுக்கிறார். ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு உள்சுவரின் கனத்தையும் பொருளையும் குறிக்கச் சொல்லி, அது எதைச் சுமக்கிறது, எதைத் தடுக்கிறது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் தேவை இன்று வீடு வாங்குபவருக்கும் உண்டு.